1962 அக்டோபரைப் படிப்பகத்தில் நடத்திப் பார்ப்பது எப்படி

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துப் படிப்பகங்களில் அணு ஆயுதப் பதற்றம் என்று பேச்செடுத்தால் பத்தே நிமிடத்தில் பட்டிமன்றம் ஆகிவிடும். 1962இல் சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்ததே, அந்தக் கியூபா ஏவுகணை நெருக்கடியைப் புரியவைக்க வாதத்தைவிடச் செய்தி போய்ச்சேரும் தாமதம்தான் உதவும். இந்தப் பயிற்சியில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்காத இரண்டு அறைகள், ஒரு கடிகாரம், இரண்டு நிறத் துண்டுத்தாள், 12 பேர். வாஷிங்டன் அறைக்கு ஐந்து பேர், மாஸ்கோவுக்கு நால்வர், சீட்டு கொண்டுபோக இருவர், நடுவராகப் படிப்பகத்து அண்ணனோ அக்காவோ. கைப்பேசிகளை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே சமாதானம் பேசி முடித்துவிடுவார்கள்.

அமெரிக்க அதிபர் கென்னடி ஏவுகணைகளைப் பற்றித் தொலைக்காட்சியில் அறிவித்த அக்டோபர் 22 முதல் 28 வரை ஏழு நாள். நாளுக்கு 15 நிமிடம், மொத்தம் 105. அன்று சோவியத் தலைவர் குருஷேவின் நீண்ட கடிதம் மொழிபெயர்ந்து வாஷிங்டன் கைக்கு வர ஏறக்குறைய அரை நாள் பிடித்தது. சோவியத் தூதர் டோப்ரினின் அனுப்பும் தந்தியை வாங்கிப் போகச் சைக்கிளில் ஆள் வருவாராம்! ஆகவே ஒவ்வொரு சீட்டும் வாசலில் 7 நிமிடம் காத்திருந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தொடங்குமுன் அறைக்கொரு ரகசியச் சீட்டு. மாஸ்கோவுக்கு: ‘தீவில் நம் படையினர் சுமார் 42,000 பேர், போர்க்களத்தில் பயன்படும் அணு ஆயுதங்களும் வந்துவிட்டன.’ வாஷிங்டனுக்கு இது தெரியக்கூடாது. அவர்களுக்கு: ‘துருக்கியிலுள்ள நம் 15 ஜுபிடர் அணு ஏவுகணைகளை எடுத்துவிடலாம், ஆனால் வெளியே தெரியக்கூடாது.’

30ஆவது நிமிடத்தில், கியூபாவுக்கு ஆயுதம் போவதைத் தடுக்கும் அமெரிக்கக் கடல் மறியல் அமலுக்கு வருகிறது. காசிமேட்டில் நின்றால் தெரிகிற கப்பல் அளவுக்குத்தான் தூரத்தைக் கற்பனை செய்வார்கள். கியூபாவிலிருந்து 500 கடல் மைல் என்று பலகையில் எழுதுங்கள்.

27ஆம் தேதியில்தான், அதாவது 75ஆவது நிமிடத்திலிருந்து, உங்கள் கை தேவைப்படும். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக விபத்துச் சீட்டுகளை விடுங்கள்: கியூபா மேலே அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் சுடப்பட்டு விமானி இறந்தார், இன்னொரு யு-2 வழிதவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்தது, அமெரிக்கக் கடற்படை எச்சரிக்கைக் குண்டு போட்ட பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோ இருக்கிறது. கடைசிச் சீட்டு மாஸ்கோ அறைக்கு மட்டும். முதல் சீட்டிலும் மாஸ்கோவுக்கு ‘இதற்கு நீங்கள் உத்தரவிடவில்லை’ என்று ஒரு வரி சேருங்கள். வாஷிங்டன் சீட்டில் அது வேண்டாம். ‘அவன் சுட்டுட்டான், நாமும் அடிப்போம்’ என்று கத்துவார்கள். குறுக்கிடாதீர்கள்.

மாஸ்கோவிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடிதம் போனால் போகட்டும். 26ஆம் தேதிக் கடிதம் இதமாகவும், 27ஆம் தேதியது கடுமையாகவும்தான் இருந்தன. கென்னடி முதலாவதுக்குப் பதில் எழுதினார்.

முடிவு தெரிந்த பிள்ளைகள் தொடக்கத்திலேயே ‘கியூபாவில் நீ எடு, துருக்கியில் நான் எடுக்கிறேன்’ என்ற ஜுபிடர் பேரத்துக்குத் தாவுவார்கள். அதைத் தடுக்க ஒரு விதி: 85ஆவது நிமிடத்துக்குப் பிறகு, மாடிப்படியில், பக்கத்துக்கு ஒருவர், 3 நிமிடம், வாய்ப்பேச்சு மட்டும். 27ஆம் தேதி இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் டோப்ரினினும் தனியாகச் சந்தித்தது இப்படித்தான். அந்தப் பேரம் ஏதாவது சீட்டில் எழுத்தாக வந்தால் செல்லாது.

ஒரே ஆள் அறை முழுக்கப் பேசினால், மூவர் கையெழுத்தில்லாத சீட்டை வாங்க மறுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் இதையே 1 நிமிடத் தாமதத்தில் நடத்துங்கள். 1963 ஜூன் 20இல் ஒப்பந்தமான வாஷிங்டன்–மாஸ்கோ நேரடி இணைப்பு அதற்குக் காரணம். சிவப்புத் தொலைபேசி வேண்டுமென்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அது எழுத்தாகவே செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர் இணைப்பு, ஆகவே அப்போதும் சீட்டில்தான் எழுத வேண்டும்.