நாய்க்கு வலிப்பு வந்தால்: நான் பிழை விட்ட இடம்

கறுப்பனுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது ஒரு விடியப்புறம், கிணற்றடியில். பக்கத்து வீட்டு அக்கா இரும்புத் திறப்போடு ஓடிவந்தார். நானோ நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து வாய்க்குள் விரலை விட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. நாய் நாக்கை விழுங்காது. இரும்பும் வேண்டாம், தண்ணீர் பருக்கவும் வேண்டாம். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோயிலும் வலிப்பு வரும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சாய்ந்து விழும், கால்கள் விறைக்கும், பிறகு நீந்துவது போல உதைக்கும். வாயில் நுரை தள்ளும், சலம் போகும், கூப்பிட்டால் விளங்காது. சிலதுக்கு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிக்கும். அதுவும் வலிப்பாக இருக்கலாம்.

முதல் வேலை நேரம் பார்ப்பது. நான் சறுக்கியது இங்கேதான். "பத்து நிமிசம் துடிச்சது" என்று மிருக வைத்தியரிடம் அடித்துச் சொன்னேன். அடுத்த தடவை மகன் எடுத்த வீடியோவில் பார்த்தால் ஒன்றரை நிமிடம்! பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாவது தடவை வந்தாலோ அவசரம். உள்கிராமத்தில் இருப்பவர்கள் அந்த ஐந்தாவது நிமிடம் வரை காத்திராமல், மூன்றாவதிலேயே ஓட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள். தூக்கிப்போக பெட்சீட்டை விட உரச்சாக்கைப் பிரித்து விரித்தால் நல்லது, நழுவாது. நல்லாகக் கழுவின சாக்காக இருக்கட்டும்.

கிணற்றுக்கட்டு, படி பக்கத்தில் என்றால் பின்பக்கமாகப் பிடித்து இழுங்கள். தலைப்பக்கம் கை போகக்கூடாது. ரேடியோவை நிறுத்துங்கள். நீண்ட வலிப்பில் உடம்பு கொதிக்கும், நம்மூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். நிழலில் விட்டு வயிற்றையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள்.

அடங்கியபிறகு கொஞ்ச நேரம் ஆளை மட்டுக்கட்டாது, சுவரில் முட்டும். பிள்ளைகளை விலக்கி வையுங்கள். முழுதாகத் தெளிந்தபிறகே சாப்பாடு.

வயலுக்கு மருந்தடிக்கிற காலத்தில் வீணீர் ஒழுக, வாந்தியோடு நடுங்கினால் நஞ்சென்று நினைத்து, மருந்துப் போத்தலின் லேபிளையும் கொண்டு ஓடுங்கள். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

வலிப்பைக் கட்டுப்படுத்த வைத்தியர் பீனோபார்பிட்டோன் என்ற மருந்து தந்திருந்தால் நேரம் தவறாமல் கொடுங்கள். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் முன்னதை விட மோசமாக வரலாம்.

பிற்சேர்க்கை: தங்கள் நாய் ஓடும்போது பொத்தென்று விழுந்து, உடனே எழும்பி வாலாட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இதயக் கோளாறால் வரும் மயக்கமாக இருக்கலாம். அதையும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.