சன்னலைச் சாத்தியும் வந்த சிகரெட் புகை

இரவு 9 மணியானால் தொண்டை கரகரக்கும், கண் எரியும். பக்கத்து வீட்டுக்காரர் சிகரெட் பற்றவைக்கும் நேரம் அது. சன்னல்களைச் சாத்தினேன், பலனில்லை. ஏர் பியூரிஃபையர் வாங்கினேன். அதிலிருந்த ஹெப்பா ஃபில்டர் நுண்துகள்களைத்தான் பிடிக்கும், வாயுக்களை அல்ல. வாயுவையும் நாற்றத்தையும் பிடிக்க வேண்டிய கார்பன் ஃபில்டரோ பேருக்குத்தான் இருந்தது. நாற்றம் போகவில்லை.

கோளாறு என் கையில்தான். புகை வந்ததும் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவேன். எல்லாம் சாத்தியிருக்க, அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டுமே! ஃபேனை ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்துச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டே போனேன். சிங்க்குக்குக் கீழே, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையருகே படபடத்தது.

அந்த இடைவெளியை சிலிகான் சீலன்ட்டால் அடைத்தேன். இப்போது ஃபேன் போடும்போது, புகை வராத பக்கத்துச் சன்னலைத் திறந்துவைக்கிறேன். நான்கு நாளாக நிம்மதி.