கர்ப்ப காலமும் கிராம சுகாதார செவிலியரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் சமவெளிக் கிராமங்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் கிராம சுகாதார செவிலியர்கள் பணியாற்றுகின்றனர். ஊரார் ‘நர்சம்மா’ என்று அழைக்கும் இவரை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தரும் அடையாள எண்) வாங்கித் தருபவராகவும் மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்பவராகவும் மட்டுமே பல குடும்பங்கள் பார்க்கின்றன. கர்ப்பிணியின் உடல்நிலையை மாதந்தோறும் கவனித்து, சிக்கலை முன்கூட்டியே கண்டறிவதுதான் அவருடைய முதன்மைப் பணி.

மூன்று மாதம் முடியும்வரை கருவுற்றதை வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உறவினரிடம் சொல்லாதிருப்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால் செவிலியரிடம் 12 வாரங்களுக்குள் பதிவு செய்தே ஆகவேண்டும். அப்போது எடுக்கப்படும் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் பின்னர் வரும் மாற்றங்களை மதிப்பிட முடியும். முன்பு கரு கலைந்தது, வலிப்பு வந்தது, அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது போன்றவற்றை மாமியார் எதிரில் சொல்லத் தயங்கி மறைப்பதும் ஆபத்தானது. செவிலியர் வீட்டுக்கு வரும்போது கர்ப்பிணியோடு அவரைச் சற்று நேரம் தனியே பேசவிடுவது பெரியவர்கள் செய்யக்கூடிய நல்ல உதவி.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் நேரும் தவறுகளே அதிகம். வாங்கி வந்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்க, செவிலியர் கேட்கும்போது “தினமும் போடுகிறேன்” என்று பதில் வருகிறது. குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற அச்சத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. மலம் கறுப்பாகப் போவது இயல்பானது, தீங்கற்றது. குமட்டலோ மலச்சிக்கலோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவு உணவுக்குப் பின் போடுவது போன்ற மாற்று வழிகளைச் செவிலியர் கூறுவார். காபி, தேநீருடனோ கால்சியம் மாத்திரையுடனோ சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்பதால், இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி தேவை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. மாத்திரை போடாததை மறைத்துவிட்டால், ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை என்ற ஆய்வு தவறான திசையில் போய்விடும்.

சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்தபின், இரண்டு மணி நேரக் காத்திருப்பில் வெளியே போய்த் தேநீர் அருந்துவது முடிவையே மாற்றிவிடும். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே தெரிவிக்க வேண்டும். பரிசோதனையை வேறொரு நாள் மீண்டும் செய்வார்கள்.

என் பார்வையில் மிகவும் கவலைக்குரியது, வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குச் செல்லும்போது ஏற்படும் இடைவெளி. புகுந்த ஊரின் செவிலியருக்குச் சொல்லாமல் புறப்பட்டு, பிறந்த ஊரின் செவிலியரிடம் வந்ததையும் தெரிவிக்காமல் இருந்தால், ரத்த அழுத்தம் ஏறக்கூடிய கடைசி மாதங்களில் யாருமே கவனிக்காத நிலை உருவாகும். புறப்படுமுன் இருவரின் கைப்பேசி எண்களையும் வாங்கிக்கொண்டு, தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், மீதமுள்ள மாத்திரைகள் ஆகியவற்றைப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

கால் வீக்கத்தை ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான்’ என்று விட்டுவிடுவதும் தவறு. செவிலியர் கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது, அங்கே குழி விழுகிறதா என்று அறியத்தான். முகமும் கைகளும் வீங்குதல், விடாத தலைவலி, பார்வை மங்குதல் ஆகியவை 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால் வலிப்பு வரை செல்லக்கூடும். இந்த அறிகுறிகளோ, உதிரப்போக்கோ, பனிக்குடம் உடைதலோ, குழந்தையின் அசைவு குறைதலோ தெரிந்தால், செவிலியரின் அடுத்த வருகைக்காகக் காத்திராமல் அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் நேரம் கடத்தாமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.