வளரும் நகர மையத்தில் தெருவைப் பங்கிடும் முறை

நகர மையத்தின் தெரு ஒன்றை மாற்றியமைக்க முனைபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அதில் ஒரு மணி நேரத்தில் செல்லும் மனிதர்களை எண்ணுவது. வழக்கமான கணக்கெடுப்பு வாகனங்களை மட்டுமே எண்ணுவதால், ஒருவர் அமர்ந்திருக்கும் காரும் அறுபது பேரைச் சுமக்கும் பேருந்தும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெறுகின்றன. நடப்பவர் கணக்கிலேயே வருவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து வீதம் ஓடும் தடத்தில் மணிக்கு 1,800 பேர் செல்ல முடியும். ஆனால் பேருந்துகளுக்கு இடையில் அந்தத் தடம் காலியாகத் தெரியும் என்பதால், அதை வீண் என்று சொல்பவர்கள் கட்டாயம் வருவார்கள். அவர்களுக்குக் காட்டவாவது இந்த எண்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்ததாக, வந்து செல்லும் கார்களையும் கடந்து செல்லும் கார்களையும் பிரித்தறிய வேண்டும். மையத்தில் எந்த வேலையும் இல்லாமல், குறுக்கு வழி என்பதற்காக மட்டுமே அதன் ஊடாகப் போகும் வண்டிகளை வெளிவட்டச் சாலைக்குத் திருப்பினால், யாருடைய கடைக்கும் வீட்டுக்கும் வழி அடைபடாமலே நெரிசல் குறையும். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் இதைத்தான் செய்தது: கார்கள் நுழையாத நடுப்பகுதியைச் சுற்றியுள்ள இடத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் போக வெளிவட்டச் சாலையைப் பயன்படுத்த வேண்டும் என்று வகுத்தது. பேருந்தும் டிராமும் மிதிவண்டியும் நேராகவே செல்கின்றன. என் பார்வையில், செலவு குறைவாகவும் பலன் மிகுதியாகவும் உள்ள வழி இதுவே.

இதன் பிறகே அகலத்தைப் பங்கிட வேண்டும். இருபது மீட்டர் தெருவில் இருபுறமும் மூன்று மீட்டர் நடைபாதையும் இரண்டு மீட்டர் மிதிவண்டித் தடமும் ஒதுக்கினால் பத்து மீட்டர் மிஞ்சும். அதில் 3.25 மீட்டர் வீதம் இரண்டு தடங்கள் போக எஞ்சும் மூன்றரை மீட்டரில் பேருந்து நிறுத்தம், சரக்கு இறக்கும் இடம், மரம் ஆகியவற்றை மாறி மாறி அமைக்கலாம். ஒதுக்கீட்டை ஓரங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முக்கியம். நடுவிலிருந்து தொடங்கும் வரைபடங்களில் நடப்பவருக்கு எச்சம்தான் கிடைக்கும். மிதிவண்டித் தடத்தை வண்ணக் கோட்டால் மட்டும் பிரித்தால் அது விரைவில் கார் நிறுத்துமிடமாகிவிடும் என்பதால், கல் விளிம்பால் பிரிப்பது அவசியம்.

தெருவோர வாகன நிறுத்தம்தான் கடும் சச்சரவுக்கு உரியது. அதைச் சில தெருக்களில் நீக்கி, மற்றவற்றில் ஒன்றிரண்டு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணத்தை நேரத்துக்கேற்ப அமைக்க வேண்டும். இடம் தேடிச் சுற்றும் கார்களே நெரிசலில் ஒரு பங்கு. மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் உரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்.

சிக்னல்களில் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து நொடி போதும், நொடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ பதின்மூன்று நொடிக்கு மேல் வேண்டும். சந்திப்புகளில் நடைபாதையைச் சற்று முன்னுக்கு நீட்டினால் கடக்க வேண்டிய தூரமே குறைந்துவிடும்.

எதையும் நிரந்தரமாகக் கட்டும் முன் சோதித்துப் பார்ப்பது நல்லது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம், மையத்தின் எல்லையைக் கடக்கும் வாகனங்களிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தை 2006இல் ஏழு மாதம் சோதனையாக நடத்தியபோது மையத்தின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் எதிர்ப்பே மிகுந்திருந்தும், சோதனைக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் அந்நகர மக்களில் பெரும்பான்மையினர் அதை ஆதரித்தனர். சோதனைக் காலத்துக்கு முன்னும் பின்னும் பேருந்தின் பயண நேரம், விபத்துகள், கடைகளுக்கு வருவோர் எண்ணிக்கை, அண்டைத் தெருக்களில் கூடிய வாகனங்கள் ஆகிய நான்கையும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.