நனைந்த தார் ரோட்டை எண்ணெய் வண்ணத்தில் வரைவது

ஐப்பசி மழை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும், கடைகளில் விளக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் போய் நின்று ரோட்டை மட்டும் பாருங்கள். காலடியில் கருந்தார். தூரத்தில் அதே ரோடு வானத்தின் நிறத்தில் மினுங்கும். பார்வை தரையோடு சாயச் சாய, நீர் கூடுதலாகப் பிரதிபலிக்கிறது. இந்த நிற மாற்றம் கேன்வாஸில் வந்துவிட்டாலே ரோடு பாதி நனைந்த மாதிரி.

நான் பல வருஷம் மழையைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். படம் முடிந்ததும் வெள்ளைக் கோடுகளாக இழுப்பேன். நூல் தொங்குவது போலிருக்கும். கீழே ரோடு காய்ந்தே கிடக்கும். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோட் 1877-இல் வரைந்த பாரிஸ் மழைநாள் தெருவில் மழைக்கோடே கிடையாது. குடைகளும் பாவுகற்களின் பளபளப்பும்தான் அங்கே மழை. அதைப் பார்த்த பிறகுதான் தரைக்கு வந்தேன்.

16×20 அங்குல கேன்வாஸ் போதும். ரோட்டுக்கு அல்ட்ராமரின் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஒரு பங்கு. கறுப்பு டியூபைத் தொடாதீர்கள், ரோடு உயிரில்லாமல் போய்விடும். காய்ந்த ரோட்டுக்குப் போடும் சாம்பல் நிறத்தைவிட நன்றாகக் கருமையாகவே போடுங்கள். தூரம் போகப் போக, வானத்துக்குக் கலந்த நிறத்தையே இதில் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ரோட்டுக்குப் போட்ட வண்ணம் ஈரமாக இருக்கும்போதே பிம்பங்களைப் போட வேண்டும். ஓர் ஆட்டோ நிற்கிறது என்றால் அதன் மஞ்சள் நேர் கீழேதான் இறங்கும், ரோடு எந்தப் பக்கம் வளைந்தாலும் சரி. அந்த மஞ்சளில் ரோட்டு நிறம் ஒரு துளி கலந்து அடக்குங்கள். கறுப்பு டயரின் பிம்பம் மட்டும் டயரைவிடச் சற்று வெளுத்திருக்கும்.

இனி கைவேலை. சுத்தமான, காய்ந்த தட்டை பிரஷால் மஞ்சளை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. துணியில் துடையுங்கள். அடுத்த இழுப்பு. மறுபடி துடையுங்கள். பிறகு கைப்பிடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அதே பிரஷால் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில், தொட்டும் தொடாமலும் இழுத்துவிடுங்கள். அந்தக் குறுக்கு இழுப்பில்தான் நீர் வந்து நிற்கும். எனக்கு இன்றைக்கும் அந்த நொடி சலிக்கவில்லை. நாலாவது முறை போனால் எல்லாம் சேறாகிவிடும், கையை எடுத்துவிடுங்கள்.

பள்ளத்தில் தேங்கிய நீர் வேறு. அங்கே பிம்பம் கலையாமல், ஓரம் கத்தரித்தது போல் இருக்கட்டும். சுற்றியுள்ள ரோட்டில் கலைந்திருக்கட்டும்.

மழைக்கோடு வேண்டும் என்றே தோன்றினால் இருண்ட மரத்தின் முன்னாலும் தெருவிளக்கைச் சுற்றியும் மட்டும். காய்ந்த விசிறி பிரஷால், ஒரே சாய்வில்.

ஹெட்லைட் கடைசி. டைட்டானியம் வெள்ளையில் துளி எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வண்ணக் கத்தி நுனியால் ஒரே தொடல். படத்தில் வேறெங்கும் அவ்வளவு வெளுப்பு வரக் கூடாது, ரோட்டில் விழும் அதன் பிம்பத்திலும்கூட.

மழைக்காலத்தில் உலர நாளாகும், அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்காதீர்கள். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.