கோவில்காட்டைக் காக்கப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஐப்பசியில் காரைக்குடிக்கு மேற்கே ஓர் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். ஆர்வமுள்ள இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் டிராக்டரிலிருந்து முந்நூறு மரக்கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோவிலைச் சுற்றியிருந்த இரண்டு ஏக்கர் காட்டின் ஓரத்தில் ஒரு பொக்லைன் நின்றது. "முதல்ல புதரையெல்லாம் எடுத்துட்டா நட எடம் கிடைச்சிரும் சார்" என்று அவர்களில் ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே சொற்களை அதே மகிழ்ச்சியோடு 2009-இல் சொன்னவன் நான். இயந்திரத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அன்று பேசியதையும் பேச நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலி போடாமல் கன்றை ஆட்டுக்கு இரையாக்குவது, கோடையில் நடுவது, பையைக் கிழிக்காமல் குழியில் இறக்குவது போன்றவற்றை ஒரு பருவத்திலேயே எவரும் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் காடு என்று தெரியாமல் தொடங்குவது

செட்டிநாட்டுக் கோவில்காடுகளில் எஞ்சியிருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வனவியலாளர்களான சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி ஓய்ந்த பிறகு மாதக்கணக்கில் வறட்சி நிலவும் செம்புராங்கல் பூமியில், தோல் போன்ற தடித்த இலைகளை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு வீரை, பாலை, காசான் ஆகிய மரங்கள் நிற்கின்றன. இந்தக் காடுகளில் பெரும்பாலானவை சில ஏக்கர்களே. சுற்றிலும் தைல மரத்தோப்பு, சீமைக்கருவேல், மனைப்பிரிவு. கடலுக்கு நடுவே கிடக்கும் சிறு தீவின் நிலைமைதான் ஒவ்வொன்றுக்கும்: உள்ளே ஒரு செடி அழிந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து விதை நடந்து வந்து சேராது.

சுத்தம் செய்வது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுவே. ஆத்தங்குடித் தளத்தில் ஒரு சருகு கிடந்தாலும் பொறுக்கி எடுக்கிற கண்களால் நாம் காட்டையும் பார்க்கிறோம். பெரிய மரங்களை மரியாதையோடு விட்டுவைத்து, அவற்றுக்குக் கீழே இடுப்பளவும் ஆளுயரமும் வளர்ந்திருக்கும் அனைத்தையும் 'புதர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை செடிகள் அடங்கியிருந்தன என்பது அவற்றைத் தோண்டி எறிந்த பிறகே தெரியவரும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கோவில் திருப்பணிக்காகச் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் பணம் அனுப்பியிருந்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு, மூன்று ஏக்கர் காட்டில் ஐந்நூறு கன்றுகள் நடுவதாக ஒப்புக்கொண்டேன். பொக்லைன் இரண்டு நாள் ஓடியது. கொடிகளை இழுத்து, முட்செடிகளை வேரோடு பெயர்த்து, சருகைக் கூட்டி எரித்து முடித்ததும் பூங்கா போல இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். பூசாரியான வேளார் ஐயா மட்டும் பாராட்டவில்லை. "தம்பி, ராத்திரி வேட்டைக்குப் போற சாமி இது. ஒளிஞ்சு நிக்க ஒரு மறைப்பு வேணாமா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

அடுத்த சித்திரைக்குள் ஐந்நூறில் நாற்பது கன்றுகள் மிஞ்சின. அவற்றிலும் பாதி மகோகனி. திறந்து கிடந்த தரையில் வெயில் நேராக விழுந்ததால் முதலில் புல் வந்தது. ஆடுகள் புல்லுக்கு வந்து, புழுக்கையோடு சீமைக்கருவேல் விதையையும் போட்டுச் சென்றன. மூன்றாம் கோடையில் யாரோ அணைக்காமல் வீசிய பீடியால் காய்ந்த புல் பற்றி எரிந்தது. புதர் மூடியிருந்தவரை அந்தக் காட்டில் தீப்பிடித்ததாக ஊரில் எவருக்கும் நினைவில்லை.

எதைத் தோண்டினோம் என்ற கணக்கைப் பிறகுதான் போட்டேன். கணுக்கால் தடிமன் வருவதற்கே நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் காசான் போயிற்று. பூக்கும் நாளில் கிளை முழுக்க நீலம் அப்பிக்கொள்ளும், பழைய இலக்கியம் காயா என்று மாயோன் நிறத்துக்கு உவமை சொல்லும் செடி அது. காரையும் களாவும் போயின. மோதிரம் போலச் சுருண்ட கொக்கிகளால் பற்றி ஏறும் மோதிரக்கண்ணி அந்தக் காட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதன் மஞ்சள் பூவை இரண்டு முறை பார்த்திருந்த நான்தான் அதன்மேல் இயந்திரம் ஏறுவதற்கு வழிகாட்டினேன். இவற்றின் அடியில் விரல் நீளத்தில் நின்றிருந்த வீரை, பாலை நாற்றுகளை நான் பார்க்கக்கூட இல்லை. நிழலும் சருகின் ஈரமும் இருந்தால்தான் அந்த நாற்றுகள் கோடையைக் கடக்கும். நான் வாங்கி நட்ட ஐந்நூறைவிட அதிகமான கன்றுகளைக் காடு தானாகவே, கூலியில்லாமல் வளர்த்துக்கொண்டிருந்தது.

வெட்டுவதற்கும் தோண்டுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் காட்டின் மரஞ்செடிகளில் பலவும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. விறகு வெட்டிய ஊர்களிலும் காடு பிழைத்துக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். அரிவாள் விட்டுவைக்கும் வேரைப் பொக்லைன் விட்டுவைப்பதில்லை.

ஆகவே, முதல் ஆண்டு எதையும் நடாதீர்கள். மாதம் ஒரு நாள் போய், ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எது எங்கே பூக்கிறது, எது எப்போது காய்க்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். எடுக்க வேண்டியது அயலிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் மட்டுமே. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது சிறியவற்றைக் கையால் பிடுங்கலாம். பெரிய சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி தழைக்கும் என்பதால் தூரை ஓர் அடி ஆழம் தோண்டி எடுக்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். அந்த மரத்தின் நிழலிலேயே நாட்டு நாற்றுகள் முளைத்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். புதுச்சேரிக்கு அருகே ஆரோவிலில் முதலில் வேகமாக வளரும் அயல் மரங்களை எழுப்பி, அவற்றின் நிழலில்தான் பிற்பாடு இந்தக் காட்டு வகையின் மரங்களை நட்டார்கள்.

பணம் தருபவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்று வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஊருணியின் வரத்துக்காலைத் தூர்வாரச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையை அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

வேப்பங்கன்று, புங்கங்கன்று

இவை அருகிவரும் செடிகள் அல்ல. தெருவில் நடுங்கள்.

விதையை வற்றல் போலக் காயவைப்பது

வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், பாய் விரித்து மோர்மிளகாய் உலர்த்திப் பழகிய வீடுகளில் இந்தத் தவறு இயல்பாகவே நேர்கிறது. என் தாயாரே எனக்காக ஒரு படி நாவல் விதையைக் கழுவி, நான்கு நாள் வெயிலில் காயவைத்து, டப்பாவில் பத்திரப்படுத்தித் தந்தார். ஒன்றும் முளைக்கவில்லை. நாவலும் இலுப்பையும் ஈரம் போனால் உயிர் போகும் விதைகள். பழத்தசையைக் கழுவி, நிழலில் தண்ணீர் வடிந்ததும் அந்த வாரமே நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும். இலுப்பை விதையைச் சில வாரங்கள் வைத்திருந்தாலே முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எனவே, ஐப்பசியில் நடுவதற்கு ஆடியில் விதை சேர்த்து வைக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆடியில் சேர்த்ததை ஆடியிலேயே ஊன்றி, நன்றாக வேர்பிடித்த நாற்றை அடுத்த ஆண்டின் மழைக்கு நடுவதே சரி.

ஒரே தாய்மரம்

வீரையிலும் கருங்காலியிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இது தெரியாத காலத்தில் வீரைக் கன்று மூன்று மட்டும் நட்டு, பல ஆண்டு காத்திருந்து, பூத்த பின் பார்த்தால் மூன்றும் ஆணாக இருந்தன. கன்றுப் பருவத்தில் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. குறைந்தது பத்துப் பன்னிரண்டு கன்றுகளாவது வேண்டும். அவற்றின் விதை ஒரே மரத்திலிருந்து வராமல், முடிந்தால் மூன்று நான்கு காடுகளிலிருந்து வர வேண்டும்.

தினமும் தண்ணீர்

வேண்டாம். வேர் கீழே இறங்காது.

வௌவாலை விரட்டுவது

எச்சம் விழுகிறது என்று வெடிபோட்டு விரட்டுகிறார்கள். இலுப்பைப் பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடுவது பழந்தின்னி வௌவால்தான். மொரிசியசை ஒட்டி 26 ஹெக்டேர் பரப்பில் இல் ஓ செக்ரெட் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே கருங்காலி இனத்து மரம் ஒன்றின் பழத்தைத் தின்று விதை பரப்பிய பேராமைகள் அழிந்துபோனதால், அல்டாப்ரா என்ற பவளத்தீவிலிருந்து வேறு ஆமைகளைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலையைச் செய்பவை இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நம் பக்கத்திலேயே, வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

இடத்தை ஊரறியச் சொல்வது

கருங்காலி மாலைக்கு மோகம் ஏறிய பிறகு, கருங்காலி நிற்கும் கோவில்காட்டைப் படம்பிடித்து ஊர்ப்பெயரோடு வெளியிடுவதை நான் நிறுத்திவிட்டேன். இந்தியப் பெருங்கடலின் ரொட்ரீக்ஸ் தீவில், அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட ஒரு காட்டுக் காப்பிச் செடியை 1980-இல் பள்ளிச் சிறுவன் ஒருவன் கண்டான். எஞ்சியிருந்தது அந்த ஒற்றைச் செடிதான். செய்தி பரவியதும் மருந்தென்று நம்பி வந்தவர்கள் கிளையை ஒடிக்கத் தொடங்க, வேலிக்கு மேல் வேலியாக எழுப்ப வேண்டியதாயிற்று. அரிய செடி ஒன்றைக் கண்டால் பூசாரியிடமும், காட்டைக் காக்கும் ஓரிருவரிடமும் மட்டும் சொல்லுங்கள். படம் எடுத்தால் கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். அந்த ஏழெட்டு இளைஞர்களில் ஒருவருக்குக்கூட அது அணைக்கப்பட்டிருக்கவில்லை.