பாதம் தொங்கிய கால் மீண்ட விதம்: என் அனுபவம்

சம்பா நாற்றுப் பறிப்புக்கு ஆள் கிடைக்காமல், மன்னார்குடிப் பக்கத்து எங்கள் நாற்றங்காலில் நானே நாள் முழுவதும் குந்தியிருந்து நாற்றைப் பறித்து முடிகளாக (கட்டுகளாக) கட்டினேன். மறுநாள் வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. ரப்பர் செருப்பு கழன்று வரப்பிலேயே கிடப்பதும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

உள்ளூரில் முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) விலகி நரம்பு வேரை அழுத்துகிறது என்றார்கள். முதுகுவலி துளியும் இல்லாததால் எனக்கு அது ஒப்பவில்லை. தஞ்சாவூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர் பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னார். அந்த வலு குறையாமல் இருந்ததால், கோளாறு இடுப்பு நரம்பு வேரில் இருக்க வாய்ப்பு குறைவு என்றும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புற எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடும் பெரோனியல் நரம்பு நசுங்கியிருக்க வேண்டும் என்றும் விளக்கினார். அவ்விடத்தைத் தட்டியதும் புறங்காலில் சுரீரென்றது. நரம்பில் மின்தூண்டல் செல்வதை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் அங்கேதான் தடை என்று காட்டியது. நரம்பைப் பாதிக்கக்கூடிய இரத்தச் சர்க்கரை, வைட்டமின் பி12 அளவு இரண்டும் சரியாக இருந்தன.

மாத்திரை பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பதே என் எண்ணம். குந்துவதையும் கால்மேல் கால் போடுவதையும் நிறுத்தி, பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையைச் செருப்புக்குள் அணிந்து, குதிகால் தசைநாண் இறுகாதிருக்க இயன்முறைப் பயிற்சி செய்ததில், சில மாதங்களில் பாதம் மேலெழுந்தது. மூன்று நான்கு மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனில் அறுவை சிகிச்சையால் அழுத்தத்தை நீக்குவதுண்டு, எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது குந்தி நாற்றுப் பறிக்க வேண்டியிராதபடி, பாய்போல எடுக்கும் பாய் நாற்றங்கால் விட்டு இயந்திர நடவுதான் செய்கிறேன்.